முன்கூட்டியே யோசித்தவன்

அப்பாவுக்கு மூன்று வில்லன்களைப் பிடிக்கும். பி.எஸ். வீரப்பா, சகுனி, ஸ்பைடர். இதே வரிசையில் இல்லை, ஸ்பைடர்தான் முதலில். ஸ்பைடர் என்றதும் நியூயார்க் கட்டடங்களுக்கு நடுவே நூலில் தொங்கும் சிவப்பு நீல உடைப் பையனை நீங்கள் நினைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

"அது ஸ்பைடர்மேன்டா. அவன் நல்ல பையன், பாவம். நான் சொல்றது ஸ்பைடர். நம்ம கூர்மண்டையன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசூனிலிருந்து தேக்காவுக்கு வருவோம். அம்மா சந்தைக்குள் மீன் வாங்கப் போய்விடுவார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடப்பார். ஐந்தடிப் பாதையில் பூமாலை, வெற்றிலை, சிவகாசியில் அச்சான தினசரி நாட்காட்டி, அதற்குப் பக்கத்தில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் வார இதழ்கள். ஒரு குறிப்பிட்ட தூண் அருகே வந்ததும் அப்பா நிற்பார். "இங்கதான் வாங்கினேன். எண்பத்தஞ்சுல." அந்தக் கடை எப்போதோ போய்விட்டது. நான் பார்த்தபோது அங்கே கைப்பேசி அட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அந்த இடத்தில்தான் அவர் தன் சின்ன வயசு வில்லனைத் தமிழில் மறுபடி பார்த்தார்.

மறுபடி என்று சொன்னேன். அதுதான் விஷயம். ஸ்பைடரை அப்பா முதலில் பார்த்தது தமிழில் அல்ல, ஆங்கிலத்தில். செம்பவாங் கடற்படைத் தளத்தில்.

தாத்தா அங்கே கூலி வேலை பார்த்தார். 1938இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். தொழிலாளர் குடியிருப்பு ஒரு பக்கம், வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள் இன்னொரு பக்கம். அந்த வீடுகளிலிருந்து வெளியேறும் பழைய பேப்பர் கட்டுகளில் பிள்ளைகளின் வாரப் பத்திரிகைகளும் இருக்கும். தாத்தா அவற்றை உறை போடவும் அலமாரியில் விரிக்கவும் எடுத்துவருவார். அதில் ஒன்றுதான் 'லயன்'. 1952இல் லண்டனில் தொடங்கிய சிறுவர் வார இதழ். 1965 ஜூனில் அதில் ஒரு புதிய தொடர் வந்தது. அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஆங்கிலம் அரைகுறை. படம் போதுமானதாக இருந்தது.

என்ன படம் அது! கூரான காதுகள். நெற்றியின் நடுவில் அம்புமுனை போல இறங்கும் தலைமுடி. மேலே வளைந்த புருவம். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, அதன் மேல் பட்டைகள், ஒரு கையில் வலைத்துப்பாக்கி, இன்னொன்றில் வாயுத்துப்பாக்கி. ரெஜ் பன் என்ற ஓவியர் வரைந்தது. இதற்கு முன் அவர் ராபின் ஹூட் கதைகளுக்குப் படம் போட்டவர். ஏழைகளுக்காகத் திருடியவனை வரைந்த அதே கை, தனக்காகவே திருடுகிறவனையும் வரைந்தது. எழுதியவர் டெட் கோவன். 'லயன்' இதழின் இன்னொரு பிரபலமான இரும்பு மனிதன் ஆர்ச்சியும் அவர் உருவாக்கியதே.

கதை ரொம்ப எளிமையானது. ஸ்பைடருக்கு ஒரே ஆசை. அமெரிக்காவின் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும். அதற்கு ஆள் தேவை. பூட்டு உடைப்பதில் கில்லாடியான ராய் ஆர்டினியைச் சிறையிலிருந்து தப்பிக்க வைக்கிறான். குற்றத்தில் இறங்கிய விஞ்ஞானி பெல்ஹாமைச் சேர்த்துக்கொள்கிறான். பின்னால் துரத்துவது கில்மோர், ட்ராஸ்க் என்ற இரண்டு துப்பறிவாளர்கள். அவர்கள் நல்லவர்கள், நேர்மையானவர்கள். ஆனால் பாருங்கள், அறுபது வருஷம் கழித்தும் அப்பாவால் அவர்கள் முகத்தைச் சொல்ல முடியவில்லை. "ரெண்டு பேர் ஓடிட்டே இருப்பாங்க" என்பதோடு சரி.

ஏன் இப்படி? கதையின் முடிவில் ஜெயிக்கப் போகிறவர்களை மறந்துவிட்டு, தோற்கப் போகிறவனை ஏன் ஒரு பிள்ளை ஆயுள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறது? இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

*

பழைய கதையிலிருந்து தொடங்கலாம்.

1933 ஜனவரியில், அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் நகரத்தில், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி சீகல் என்ற பதினெட்டு வயதுப் பையன் தானே நடத்திய கையடக்கப் பத்திரிகையில் ஒரு கதை எழுதினான். படம் போட்டது அவன் நண்பன் ஜோ ஷூஸ்டர். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஓர் ஏழையை ஒரு விஞ்ஞானி கூட்டிப்போய் ரசாயனப் பரிசோதனை செய்கிறார். அவனுக்கு அடுத்தவர் மனதைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. உடனே உலகத்தையே ஆளத் திட்டம் போடுகிறான். கடைசியில் சக்தி தீர்ந்து, மறுபடி அதே ரொட்டி வரிசையில் வந்து நிற்கிறான். அந்தக் கதையின் நாயகனுக்கு, அதாவது வில்லனுக்கு, சீகல் வைத்த பெயர் சூப்பர்மேன்.

ஆமாம், சூப்பர்மேன் முதலில் ஒரு மொட்டைத்தலைச் சூழ்ச்சிக்காரன். ஐந்து வருஷம் கழித்து 1938இல் நாம் அறிந்த சூப்பர்மேன் வந்தான். அந்த மொட்டைத்தலை எங்கும் போய்விடவில்லை. 1940இல் லூதர் என்ற பெயரில் எதிராளியாகத் திரும்பி வந்தது. முதலில் சிவப்பு முடியோடு, அடுத்த வருஷமே வழுக்கையாக.

நல்லவன் பிறப்பதற்கு முன்பே சூழ்ச்சிக்காரன் பிறந்துவிட்டான். இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் தமிழில் காமிக்ஸ் வந்த கதையைப் பார்த்தால் அங்கேயும் இதேதான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழை வெளியிட்டது. 'இரும்புக்கை மாயாவி'. தமிழ் காமிக்ஸின் தலைமகன். ஆனால் பத்து வருஷம் முன்பு, 1962இல், 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் இதழில் அவன் தோன்றியபோது யோக்கியன் இல்லை. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், உடம்பு மறைந்துவிடும். இந்தச் சக்தி கிடைத்ததும் அவன் முதலில் செய்தது கொள்ளையடிக்கத் திட்டம் போட்டதுதான். திருந்தியதெல்லாம் பிறகு.

காரணம் எளிது என்று நினைக்கிறேன். நாயகனுக்கு வேலை கொடுக்க யாராவது வேண்டும். கொள்ளை நடந்தால்தான் அவன் பறப்பான். மணி அடித்தால்தான் ஓடுவான். சூழ்ச்சிக்காரனோ யாருக்கும் காத்திருப்பதில்லை. விடியற்காலையில் எழுந்து, இன்றைக்கு என்ன செய்வது என்று தானே முடிவு செய்கிறான். கதையின் இன்ஜின் அவன். மற்றவர்கள் பின்னால் கோத்த பெட்டிகள்.

வாரப் பத்திரிகைக்கு இது இன்னும் பொருந்தும். வாரத்துக்குச் சில பக்கங்கள்தான். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் வாசகனைத் தொங்கவிட வேண்டும். திட்டம், இடையில் ஒரு கோளாறு, அதற்கு மாற்றுத் திட்டம், அதிலும் ஒரு துரோகம். சூழ்ச்சிக்காரன் இருந்தால் இது தானாக ஓடும். தமிழில் வந்தபோது அத்தனை வாரங்களையும் ஒரே புத்தகத்தில் அடைத்துவிட்டார்கள். ஆகவே ஏழு நாள் காத்திருந்து அவிழ வேண்டிய முடிச்சு அடுத்த பக்கத்திலேயே அவிழும், அதற்கடுத்த பக்கத்தில் புதிதாக விழும். மூச்சு முட்டும். பாதி சுகம் அந்த மூச்சு முட்டலில்தான்.

*

சீகலின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது ஸ்பைடரோடு முடிகிறது.

1938இல் சூப்பர்மேன் மீதான மொத்த உரிமையையும் சீகலும் ஷூஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். சின்னப் பையன்கள், அச்சில் பெயர் வந்தால் போதும் என்ற அவசரம். அதன் பிறகு அந்தப் பறக்கும் மனிதன் எத்தனை கோடி சம்பாதித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். 1947இல் வழக்குப் போட்டார்கள். உரிமை திரும்பவில்லை, வேலையும் போயிற்று. பல வருஷம் கழித்துப் பெயரில்லாமல் அதே நிறுவனத்துக்கே எழுதப் போனார் சீகல். 1960களில் உரிமையை மறுபடி கேட்டதும் அந்தக் கதவும் மூடியது. அப்போது அவருக்கு வேலை கொடுத்தவர்களில் ஒருவர் லண்டன்காரர். டெட் கோவன் முதல் இரண்டு ஸ்பைடர் கதைகளோடு நிறுத்திக்கொள்ள, மூன்றாவதிலிருந்து எழுத வந்தவர் ஜெர்ரி சீகல்.

உலகத்தின் ஆக யோக்கியமான நாயகனை உருவாக்கி அதைக் கையெழுத்து ஒன்றில் இழந்தவர், ஐம்பது வயதில் உட்கார்ந்து 'நான்தான் அரசன், என்னை யாரும் ஏமாற்ற முடியாது' என்கிற ஆளை எழுதுகிறார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். 1975இல்தான், பத்திரிகைகளில் விஷயம் பெரிதானபிறகு, நிறுவனம் அவர்கள் இருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை தர ஒப்புக்கொண்டது. சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயரும் திரும்ப வந்தது.

அமெரிக்காவில் அப்போது ஸ்பைடரைப் போன்ற ஒருவனை மையத்தில் வைத்து எழுதுவது கஷ்டம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954இல் ஒரு புத்தகம் எழுதினார். பீதி பரவியது. அதே வருஷம் பதிப்பாளர்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். குற்றவாளி மேல் பரிதாபம் வரக் கூடாது. நன்மை எப்போதும் ஜெயிக்க வேண்டும். இங்கே சிங்கப்பூரிலும் 1959இல் தன்னாட்சி வந்ததும் 'மஞ்சள் கலாசார' எதிர்ப்பு என்று சொல்லி மலிவுப் பத்திரிகைகளைத் தடை செய்தார்கள். படக்கதை என்றாலே பள்ளிக்கூடங்களில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனாலும் நகரத்தில் தெருவோரப் பலகைக் கடைகளில் சீனப் படக்கதைகளைச் சில காசுக்கு வாடகைக்கு எடுத்து, சின்ன முக்காலியில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். செம்பவாங்கில் அப்பா அலமாரித் தட்டில் விரித்திருந்த பேப்பரைச் சட்டிகளைத் தூக்கிவிட்டு வாசித்தார்.

*

தமிழில் ஸ்பைடரைக் கொண்டுவந்தது லயன் காமிக்ஸ். முத்து காமிக்ஸ் நிறுவனர் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் சிவகாசியில் தொடங்கியது. முதல் இதழில் மாடஸ்டி பிளைஸி. சில மாதங்களில் ஸ்பைடர் வந்தான். அந்தப் புத்தகத்தின் தலைப்பு 'எத்தனுக்கு எத்தன்'.

சும்மா சொல்லக் கூடாது, ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று இந்தத் தலைப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவன் கள்ளர்களின் அரசன். பட்டம், சிம்மாசனம், கிரீடம். தமிழில் அவன் எத்தனுக்கு எத்தன். நீ ஏமாற்றினால் உன்னையும் ஏமாற்றுவேன். இங்கே அதிகாரம் இல்லை, போட்டி இருக்கிறது. ஊரில் ஒவ்வொரு தெருவிலும் ஓர் எத்தன் உண்டு. அவனை மிஞ்ச இன்னோர் எத்தன் வரமாட்டானா என்று ஏமாந்தவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள். ஏமாந்தவன் கண்ணால் பார்த்தால் எத்தனுக்கு எத்தன் பாதி ரட்சகன்.

'சூழ்ச்சி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது கெட்ட வார்த்தை. ஆனால் திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே அதற்குப் பொருள் ஆலோசனை, தீர எண்ணிப் பார்ப்பது. நல்ல அமைச்சனுக்குரிய குணம். ஆழமாக யோசிப்பதைக் குறித்த ஒரு சொல் காலப்போக்கில் கெடுதல் செய்ய யோசிப்பதைக் குறிக்கும்படி கீழிறங்கிவிட்டது. மொழிக்கே யோசிக்கிறவன் மேல் ஒரு சந்தேகம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் சிங்கப்பூரில் ஒன்று நடந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்கீம்' என்றால் சதி என்றும் பொருள், திட்டம் என்றும் பொருள். இங்கே அரசாங்கம் எதைச் செய்தாலும் அது ஒரு ஸ்கீம். 1964இல் வந்த வீட்டு உரிமைத் திட்டமும் ஸ்கீம், மருத்துவச் செலவுக்கு வருவதும் ஸ்கீம். திட்டமிட்ட நகரம், திட்டமிட்ட மரம், திட்டமிட்ட அண்டைவீட்டார். நாம் வளர்ந்த ஊரில் முன்கூட்டியே யோசிப்பதுதான் ஆகப் பெரிய அறம். யோசிக்கிறவன் யார், யாருக்காக யோசிக்கிறான் என்பதில்தான் பொருள் மாறுகிறது.

மலாய்ப் பிள்ளைகள் வளர்ந்தது சாங் காஞ்சில் கதைகளில். குட்டிச் சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்கச் சொல்லி, அரசன் உங்களை எண்ணச் சொன்னார் என்று பொய் சொல்லி, முதுகுமேல் தாவி ஆற்றைக் கடந்துவிடும். அப்பட்டமான சூழ்ச்சி. ஆனால் யாரும் அதை வில்லன் என்பதில்லை. 1990இல் ஜானி லாவும் ஜேம்ஸ் சுரேஷும் மற்ற நண்பர்களும் கொண்டுவந்த 'மிஸ்டர் கியாசு'வும் அந்த ஜாதிதான். பஃபேயில் தட்டை நிரப்பவும் இலவசப் பொருளைப் பிடிக்கவும் ராத்திரி பகலாகத் திட்டம் போடும் மூக்குக்கண்ணாடிக்காரன். ஊரே அவனில் தன்னைப் பார்த்துச் சிரித்தது. 1993இல் அவன் பெயரில் மெக்டொனால்ட்ஸில் பர்கரே வந்தது. நம் தெனாலிராமனும் இவர்கள் பக்கத்தில் உட்காரக் கூடியவனே.

சின்னவன் சூழ்ச்சி செய்தால் சாமர்த்தியம், பெரியவன் செய்தால் சதி. ஸ்பைடரின் கவர்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோற்றத்தில் பெரியவன். ஸ்காட்லாந்தில் இருந்த கோட்டை ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து அதில் வாழ்கிறான். பறக்கும் வண்டி வைத்திருக்கிறான். ஆனால் நிலைமையில் அவன் சின்னவன். ஒட்டுமொத்த போலீஸும் எதிரில். கூட இருக்கிற ஆர்டினியோ எந்த நேரமும் முதுகில் குத்தக் காத்திருக்கிறான். பெல்ஹாமையும் முழுதாக நம்ப முடியாது. தூங்கும்போதும் ஒரு கண் திறந்திருக்க வேண்டும். திட்டம் போடுகிறவனின் தனிமை அது. எல்லாரையும் காய்களாகப் பார்ப்பவனுக்கு நண்பன் கிடைக்க மாட்டான். ஆனால் காய் இல்லாமல் ஆட்டமும் இல்லை.

இன்னொன்று அவன் கர்வம். பணம் அவனுக்குப் பொருட்டே இல்லை. நான்தான் ஆகப் பெரிய மூளை என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாராவது சிரித்துவிட்டால் துடித்துப்போவான். பின்னாளில் சீகல் அவனைக் குற்றவாளிகளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார். தமிழிலும் 'நீதிக்காவலன்' ஆனான். அப்போதும் அவன் திருந்தினான் என்று எனக்குத் தோன்றியதில்லை. போலீஸை ஜெயித்து அலுத்துவிட்டது, இன்னும் கெட்டிக்கார எதிரிகள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். கர்வம் அப்படியே இருந்தது. அதனால்தான் அந்தக் கதைகளும் தப்பித்தன.

ஆக, கர்வத்துக்கு அடியில் ஒரு காயம் வேண்டும். கம்பனுக்கு இது தெரிந்திருந்தது. கூனி ஏன் இராமனை வெறுக்கிறாள்? சின்ன வயதில் அவன் விளையாட்டாக வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் கூன்மேல் அடித்ததைக் கம்பன் போகிற போக்கில் சொல்லிவிடுகிறான். அடித்தவனுக்கு நினைவிருக்காது. பட்டவளுக்கு மறக்காது. ஒரு ராஜ்யமே அந்த மண்ணுருண்டையில் தடுக்கி விழுகிறது. காயமே சொல்லப்படாத சூழ்ச்சிக்காரன் வெறும் கடிகாரம். பற்சக்கரம் சுழலும், மணி அடிக்கும், நமக்கு ஒன்றும் ஆகாது.

*

அப்பாவின் மண்ணுருண்டை எது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

1968 ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. 1971 கடைசியில் வெளியேற்றம் முடிந்தது. செம்பவாங் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து வணிகக் கப்பல் பட்டறையானது. வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வெற்றிக் கதை. நெருக்கடியை எப்படி முன்கூட்டியே யோசித்துச் சமாளித்தோம் என்று பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் குடியுரிமை இல்லாத இந்தியத் தொழிலாளர்கள் பலர் அந்த வருஷங்களில் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். தாத்தா அவர்களில் ஒருவர். குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எல்லாம் இப்படியே ஓடும் என்று நினைத்திருந்தார். அப்பாவுக்குப் பதினைந்து வயது. அவரை மட்டும் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுத் தாத்தாவும் பாட்டியும் போனார்கள். துறைமுகத்தில் தாத்தா, "ரெண்டு வருஷத்துல வந்துருவேன்" என்றாராம். வரவில்லை.

போன வருஷம் அப்பாவிடம் கேட்டேன். ஏன் ஸ்பைடர்? ஆர்ச்சி இல்லையா, மாயாவி இல்லையா? தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். நிதானமாகச் சொன்னார்.

"நாங்க இருந்த இடத்துல எவனும் யோசிக்கல. லண்டன்ல எவனோ யோசிச்சான், அது நடந்துச்சு. இங்க ஒருத்தர் யோசிச்சாரு, அதுவும் நடந்துச்சு. உங்க தாத்தா யோசிக்கல. அந்தப் புக்குல அவன் ஒருத்தன்தான் எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சான். எனக்கு அவன் கெட்டவனா தெரியல. உஷாரா தெரிஞ்சான்."

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "கெட்டவன்தான். இருந்தாலும்" என்றார்.

அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லில்தான் எல்லாச் சூழ்ச்சிக்காரர்களும் குடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாம் அவன் பக்கம் சாய்வது கெடுதல் பிடித்திருப்பதால் அல்ல. நம்மைச் சுற்றி நடப்பதற்கெல்லாம் ஒரு திட்டம் இருக்கிறது, அது நமக்கு மட்டும் காட்டப்படவில்லை என்ற சந்தேகம் நமக்குள் எப்போதும் இருக்கிறது. காமிக்ஸ் அந்தத் திட்டத்தைக் காட்டுகிறது. எண்ணக் குமிழிக்குள், வில்லனின் தலைக்கு மேலே, தெளிவான எழுத்தில். கில்மோருக்கும் ட்ராஸ்க்குக்கும் தெரியாதது செம்பவாங்கில் ஒன்பது வயதுப் பையனுக்குத் தெரிகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் திட்டத்தின் உள்பக்கம் இருக்கிறான்.

2015இல் சோனி லியூவின் 'சார்லி சான் ஹாக் சாய்' பற்றிய படக்கதை நாவல் வந்தபோது இதை வேறு விதமாக உணர்ந்தேன். ஒரு கற்பனைக் காமிக்ஸ் ஓவியரின் வாழ்க்கை வழியாக சிங்கப்பூர் வரலாற்றைச் சொல்லும் புத்தகம். லிம் சின் சியோங் பிரதமராகியிருந்தால் என்று ஒரு மாற்று வரலாறும் அதில் வருகிறது. தேசியக் கலைகள் மன்றம் கொடுத்திருந்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசின் அதிகாரத்தைப் பலவீனப்படுத்தக் கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2017இல் அதே புத்தகத்துக்கு மூன்று ஐஸ்னர் விருதுகள் கிடைத்தன. அதை நான் வாங்கிவந்ததும் அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதுல வில்லன் யாரு?" பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் புத்தகத்தின் நேர்மையே, அதில் சுட்டிக்காட்ட ஒருவர் கிடைப்பதில்லை என்பதுதான். எல்லாரும் யோசிக்கிறார்கள். சிலர் யோசித்தது நடந்தது, சிலர் யோசித்தது சிறையில் முடிந்தது. ஜெயித்த சூழ்ச்சிக்கு நாம் வேறு பெயர் வைத்துவிடுகிறோம்.

ஆனால் இதை ரொம்பவும் நீட்டிவிடக் கூடாது. ஸ்பைடர் ஏமாற்றுகிறவர்களில் வங்கிக் காவலாளிகளும் லாரி ஓட்டுநர்களும் இருப்பார்கள். கட்டத்தின் ஓரத்தில் வாயுப் புகையில் சுருண்டு கிடப்பார்கள். பெயர் இருக்காது. சின்ன வயதில் நான் அவர்களைக் கவனித்ததே இல்லை. இப்போது பழைய இதழ்களைப் புரட்டும்போது கண் அவர்கள் மேல்தான் போகிறது. பெரிய திட்டம் எதிலும் தாத்தாவைப் போன்றவர்கள் இருக்கும் இடம் அதுதான், கட்டத்தின் ஓரம். அப்பா அதை விரும்பவில்லை. நடுக் கட்டத்துக்கு வர நினைத்தார். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் எந்தக் கோட்டையையும் பெயர்த்துக் கொண்டுவரவில்லை. முப்பது வருஷம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஆனால் பதினைந்து வயதுக்கு அப்புறம் எதையும் விதியிடம் விட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒரு நீலக் கோப்பு உண்டு. குடியுரிமைச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், காப்புறுதி, மத்திய சேம நிதி நியமனம் எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கும். அம்மா அதை 'ஸ்பைடர் ஃபைல்' என்பார். போன மாதம் அப்பா அதைத் திறந்து கடைசித் தாளைக் காட்டினார். 'நான் இல்லைன்னா' என்று மேலே தலைப்பு. கீழே எண் போட்டு வரிசையாக வேலைகள். முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும், அம்மாவின் மாத்திரை எந்த டப்பாவில். பதினோரு படிகள். எல்லாவற்றையும் யோசித்திருந்தார்.

ஒன்பதாவது படி: 'காமிக்ஸ் பெட்டி. எவனுக்கும் இரவல் குடுக்காதே. திரும்பி வராது.'